பூண்டி, ஊத்துக்கோட்டை, புத்தூர் வழியாகத் திருப்பதி நடை: தை மாதத்தில் ராத்தங்கல் எங்கே?

கொளத்தூர் மீனா:

எல்லோருக்கும் வணக்கம். தை மாதத்தில் சென்னையிலிருந்து திருப்பதிக்கு நடந்து போகலாம் என்று நான்கு பேர் முடிவு செய்திருக்கிறோம். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். புரட்டாசிக் கூட்டத்தோடு சேர்ந்து போகும் எண்ணம் இல்லை. திருத்தணி நெடுஞ்சாலையும் வேண்டாம். பூண்டி, ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், நாராயணவனம் என்று கோயில்களைப் பார்த்துக்கொண்டே அமைதியாகப் போக ஆசை. ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் எங்களால் முடியும்.

சிக்கல் தங்குவதில்தான். புக்கிங் ஆப்பில் தேடினால் திருவள்ளூர் வருகிறது, அடுத்து நேராகத் திருப்பதிதான். ஊத்துக்கோட்டைக்கும் புத்தூருக்கும் நடுவே சுமார் 50 கிலோமீட்டர் இருக்கிறது, அங்கே ஒன்றுமே காட்டவில்லை. கோயில் மண்டபத்தில் படுக்க விடுவார்களா? கல்யாண மண்டபத்தை ஒரு ராத்திரிக்கு மட்டும் கேட்டால் கொடுப்பார்களா? கழிப்பறையும் குளிக்க மறைவான இடமும் கட்டாயம் வேண்டும். கூட வேன் வராது, பை எங்கள் தோளில்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வில்லிவாக்கம் நடராசன்:

மீனா மேடம், முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யூட்யூபில் இந்த வழியைப் பற்றி வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை புரட்டாசியில் எடுத்தவை. பத்தடிக்கு ஒரு அன்னதானப் பந்தல், படுக்கப் பாய், கால் அமுக்கிவிட ஆள் என்று காட்டுவார்கள். அதெல்லாம் அந்த மாதத்துக்கு மட்டும் முளைப்பது. தையில் அதே இடம் வெறும் புளியமரத்தடி. அதனால் நடையைத் திட்டமிட்டுவிட்டு ராத்தங்கலைத் தேடாதீர்கள். ராத்தங்கலை முடிவு செய்துவிட்டு நடையை அதற்குள் வெட்டிப் பொருத்துங்கள்.

இந்த வழியில் நம்பித் தங்கக்கூடிய ஊர்கள் நான்குதான்: திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, புத்தூர், திருப்பதி. இந்த நான்கை மட்டும் வைத்து மொத்த தூரத்தையும் நடந்துவிடலாம். எப்படி என்றால், நடை முடிகிற இடத்தில் படுக்க வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட வேண்டும். நடந்து முடித்த இடத்திலிருந்து பஸ் பிடித்து அறைக்கு வாருங்கள். மறுநாள் காலை அதே இடத்தில் இறங்கி அங்கிருந்து தொடருங்கள். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, புத்தூர் வழியாகத் திருப்பதி போகும் பஸ்கள், தமிழ்நாடு, ஆந்திரா இரண்டு அரசுப் பஸ்களும், இதே சாலையில்தான் ஓடுகின்றன.

என் கணக்கு இது. தூரங்கள் எல்லாம் சுமார்.

முதல் இரண்டு நாளுக்கு அறையே வேண்டாம். வீட்டிலிருந்து ஆவடி வரை நடந்துவிட்டு லோக்கல் ரயிலில் வீட்டுக்குத் திரும்புங்கள். மறுநாள் முதல் லோக்கலில் ஆவடி போய் இறங்கி, திருவள்ளூர் வரை நடங்கள், மறுபடி ரயிலில் வீடு. இரண்டு நாளும் கையில் தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தால் போதும். அந்த இரண்டு நாளில் காலும் பழகிவிடும், செருப்பு எங்கே கடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் திருவள்ளூரிலிருந்து பூண்டி வழியாக ஊத்துக்கோட்டை, 28 கிலோமீட்டர். இதுதான் இருப்பதிலேயே நீளமான நாள். பூண்டி வரை 12. அங்கே ஊன்றீஸ்வரர் கோயிலில் உட்கார்ந்து எழுந்திருக்கலாம் (ஏரி கட்டியபோது பழைய கோயில் இருந்த இடம் நீரில் போனதால் இங்கே மாற்றிக் கட்டியது, சுந்தரர் பாடிய வெண்பாக்கம் இதுதான்). 28 அதிகம் என்று தோன்றினால் சீத்தஞ்சேரியில் நிறுத்திக்கொண்டு, பஸ்ஸில் ஊத்துக்கோட்டை போய் அறை எடுங்கள். மீதியை மறுநாள் நடக்கலாம்.

ஊத்துக்கோட்டை அறையை இரண்டு ராத்திரிக்குச் சொல்லிவிடுங்கள். நான்காம் நாள் பையை அறையில் பூட்டிவிட்டு சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் வரை 17 கிலோமீட்டர் வெறுங்கையோடு நடங்கள். மாலை பஸ்ஸில் ஊத்துக்கோட்டைக்கே திரும்புங்கள்.

ஐந்தாம் நாள்தான் அறை மாறும் நாள். நால்வரில் ஒருவர் எல்லாப் பைகளோடும் நேராகப் புத்தூர் பஸ்ஸில் போய் அறை எடுக்கட்டும். மற்ற மூவரும் நாகலாபுரத்தில் இறங்கி, பிச்சாட்டூர் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர் நடந்துவிட்டு, பஸ்ஸில் புத்தூர் வரலாம். பையோடு போனவர் விட்ட தூரத்தை நடந்தே ஆக வேண்டும் என்று நினைத்தால், இன்னொரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆறாம் நாள் விட்ட இடத்திலிருந்து நாராயணவனம், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டரில் புத்தூர். பை அறையிலேயே இருக்கும்.

புத்தூரிலிருந்து திருப்பதி 35. ஒரே மூச்சில் போக வேண்டாம். வடமாலைப்பேட்டை வழியாக அப்பளாயகுண்டா வரை ஒரு நாள், அங்கிருந்து திருச்சானூர், அலிபிரி வரை மறுநாள். இரண்டு ராத்திரியும் திருப்பதி அறையிலேயே. ஒன்பதாம் நாள் மலை ஏறுங்கள்.

பஸ்ஸில் இரண்டு விஷயம் கெடும். எக்ஸ்பிரஸ் வண்டி சின்ன ஊர்களில் நிற்காது, அதனால் அன்றைய நடையை நாகலாபுரம், பிச்சாட்டூர் மாதிரி கட்டாயம் நிற்கும் ஊரிலோ அதற்குப் பக்கத்திலோ முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இருட்டிய பிறகு வண்டி குறையும். மாலை ஐந்துக்குள் நிறுத்தத்தில் இருக்க வேண்டும். நிறுத்திய இடத்தைப் போனில் லொகேஷனாகச் சேமிப்பதோடு, அங்கிருக்கும் கிலோமீட்டர் கல்லையோ கடைப் பலகையையோ ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். விடிகாலைப் பனியில் எல்லா வளைவும் ஒரே மாதிரிதான் தெரியும்.

உமா, பெரம்பூர்:

நடராசன் சார் சொன்ன வழியையே நானும் சொல்வேன், குறிப்பாகப் பெண்கள் இருக்கும் குழுவுக்கு. லாட்ஜ் பிடிப்பது பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

மேப்பில் 'ஹோட்டல்' என்று தேடினால் இட்லிக் கடைதான் வரும். 'லாட்ஜ்', 'ரெசிடென்சி', 'சத்திரம்', 'கல்யாண மண்டபம்' என்று தனித்தனியாகத் தேடுங்கள். ஊத்துக்கோட்டை, புத்தூர் லாட்ஜ்கள் பல ஆப்பில் இல்லாததற்குக் காரணம், பஸ் ஸ்டாண்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் வருகிறவர்களை நம்பியே அவை ஓடுகின்றன. மேப்பில் இருக்கும் நம்பர் பழசாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் மெடிக்கல் ஷாப்புக்கோ பேக்கரிக்கோ போன் போட்டுக் கேளுங்கள். எந்த லாட்ஜில் குடும்பத்தோடு தங்குவார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இதைவிட நல்லது, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் புத்தூர் வரை போய்ப் பார்த்துவிட்டு ரயிலில் திரும்புவது. புத்தூர் அரக்கோணம் – ரேணிகுண்டா பாதையில் இருக்கிறது, திரும்புவது சுலபம். நடக்கும்போது யாருக்காவது முடியாமல் போனாலும் வீட்டுக்கு அனுப்ப அந்த ஸ்டேஷன்தான் வசதி.

அறை பார்க்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள்.

'இருபத்து நாலு மணி நேரமா, பன்னிரண்டு மணி செக்-அவுட்டா?' நீங்கள் அறைக்கு வருவது மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு. பன்னிரண்டு மணிக் கணக்கு என்றால் பரவாயில்லை. ஆனால் ஒரு நாள் சீக்கிரம் முடித்துக் காலை பத்துக்கே வந்துவிட்டால் இரண்டு நாள் வாடகை எழுதிவிடுவார்கள். நேரத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

'தண்ணி எந்நேரமும் வருமா, மோட்டார் போடுறப்போ மட்டுமா?' ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு இது முக்கியம். மோட்டார் போடும் நேரத்துக்கு மட்டும்தான் வரும் என்றால் முந்தின இரவே இரண்டு பக்கெட் பிடித்து வைத்துவிடுங்கள்.

'வாசல் கதவு காலைல எத்தனை மணிக்குத் திறப்பீங்க?' ஷட்டரை இழுத்துவிட்டு வாட்ச்மேன் உள்ளே படுத்துவிடுவார். முந்தின நாளே சொல்லி வைக்காவிட்டால் விடியற்காலையில் அரை மணி நேரம் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

'கீழே பார் இருக்கா?' இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இருந்தால் அந்த லாட்ஜ் வேண்டாம்.

நால்வரும் ஒரிஜினல் ஆதார் வைத்திருங்கள். போனில் இருக்கும் படத்தைச் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள், அதனால் ஆளுக்கு மூன்று ஜெராக்ஸும் இருக்கட்டும். மொழிக்குப் பயப்பட வேண்டாம், புத்தூர் வரை தமிழ் எல்லோருக்கும் புரியும். 'ரூம் காளி உந்தா?' என்று ஒரு வார்த்தை தெலுங்கில் ஆரம்பித்தால் அவர்களே தமிழுக்கு வந்துவிடுவார்கள்.

பகலில் கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்கைத்தான் நம்ப வேண்டும். பூண்டி சாலையிலும், நாகலாபுரம் தாண்டிய பிறகும் பங்குகள் தள்ளித் தள்ளி இருக்கும். முந்தின இரவே மறுநாள் வழியில் வரும் பங்குகளையும் கோயில்களையும் மேப்பில் குறித்து வைத்துவிட்டால், தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு நடக்கும் பழக்கம் வராது. பெண்கள் பலருக்கு நடையின் மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு வருவது இப்படித்தான். புத்தூருக்குப் பிறகு தேசிய நெடுஞ்சாலை, டோல்கேட்டில் கழிப்பறை உண்டு.

சோழவரம் பாலு:

கல்யாண மண்டபம் கேட்டிருந்தீங்க. கொடுப்பாங்க. ஆனா கேக்குற விதம் இருக்கு.

மண்டபம் வேணும்னு கேட்டா மண்டப வாடகைதான் சொல்வாங்க. 'நாலு பேர், ஒரு ராத்திரி, ஹால் வேணாம், மாப்பிள்ளை ரூம் இல்லன்னா பொண்ணு ரூம் ஒண்ணு போதும், சமையல் இல்ல, ஜெனரேட்டர் வேணாம், காலைல அஞ்சரைக்குக் கிளம்பிடுவோம்'னு மொத்தமாச் சொல்லிடணும். பொண்ணு ரூம்ல அட்டாச்டு பாத்ரூம் இருக்கும், உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கும். உங்களுக்கு அதுதான் வேணும். வாட்ச்மேன்கிட்ட மட்டும் பேசிட்டு உள்ள போயிடாதீங்க. முதலாளியோ மேனேஜரோ போன்ல சரின்னு சொல்றத நீங்களே காதால கேட்டுடுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேனேஜர் வந்து யாரக் கேட்டு உள்ள வந்தீங்கன்னு எழுப்பினா அந்த நேரத்துல வேற எங்க போவீங்க?

இப்போ தேதி. காலண்டர எடுங்க. முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் சாயந்திரம் ரிசப்ஷன், அன்னிக்கு எந்த மண்டபமும் கிடைக்காது. ஆனா முகூர்த்தத்தன்னிக்கே மதியம் மூணு மணிக்கு மேல மண்டபம் காலி. கூட்டிப் பெருக்கி முடிச்சதும் தாராளமாக் கொடுப்பாங்க, அடுத்த நாளும் முகூர்த்தமா இல்லாம இருந்தா.

தையில இன்னொரு கணக்கு இருக்கு. நம்ம பக்கம் தை பொறந்ததும் கல்யாணம் ஆரம்பிச்சிடும். ஆந்திராவுல தெலுங்கு பஞ்சாங்கப்படி தை அமாவாசை வரைக்கும் புஷ்ய மாசம், கல்யாணம் அனேகமா வைக்க மாட்டாங்க. அமாவாசை முடிஞ்சு மாக மாசம் பொறந்ததும் வரிசையா முகூர்த்தம். அதனால நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம் மண்டபங்கள அமாவாசைக்கு முன்னாடி கேட்டா சுலபம், பின்னாடி கஷ்டம்.

ஆனா தை அமாவாசைக்கு முந்தின ராத்திரி திருவள்ளூர்ல மாட்டிக்காதீங்க. வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கு வர்ற கூட்டம் முந்தின நாளே வந்து தங்கும், படுக்கத் திண்ணை கூடக் கிடைக்காது. அதே மாதிரி பிரதோஷத்தன்னிக்கு, அதுலயும் சனிப் பிரதோஷத்தன்னிக்கு, சுருட்டப்பள்ளி பக்கம் சாயந்திரம் பஸ் ஏற முடியாது. அன்னிக்கு நாகலாபுரத்துல இருந்து ஊத்துக்கோட்டைக்குத் திரும்புற மாதிரி போடாதீங்க.

கொளத்தூர் மீனா:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. எங்களில் மூத்தவருக்கு மட்டும் ஒரு தயக்கம்: நடுவில் பஸ் ஏறினால் வேண்டுதல் என்ன ஆகும் என்று கேட்கிறார். கோயிலிலேயே ஒரு மூலையில் படுத்துக்கொண்டால் போதும் என்கிறார். கோயில் மண்டபம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஸ்ரீதரன், திருவல்லிக்கேணி:

அம்மா, உங்கள் பெரியவரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நிறுத்திய இடத்திலிருந்தே மறுநாள் தொடர்ந்தால், வீட்டு வாசலிலிருந்து சந்நிதி வரை ஒரு அடி கூட விடாமல் நடந்ததாகத்தான் கணக்கு. பஸ்ஸில் போன தூரம் யாத்திரைக்கு வெளியே. வேண்டுதல் முடிந்துகொள்ளும்போதே 'இந்த வழியை முழுக்க நடந்து வருகிறேன்' என்று முடிந்துகொண்டால் பிறகு மனதில் உறுத்தல் வராது.

கோயிலில் தங்குவதைப் பற்றி. தமிழ்நாட்டுப் பக்கம் அறநிலையத் துறைக் கோயில்களில் இரவு நடை சாத்திய பிறகு உள்ளே யாரையும் விடமாட்டார்கள். உண்டியல், சிலைகள் இவற்றின் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அர்ச்சகரைக் கெஞ்சி அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது. வெளி மண்டபம், அன்னதானக் கூடம் போன்ற இடங்களுக்குச் செயல் அலுவலர்தான் அனுமதி தர முடியும். பத்து நாள் முன்பாக ஒரு கடிதம் எழுதி நேரில் கொடுங்கள். நால்வரின் பெயர், வயது, ஆதார் நகல், வரும் தேதி, வரும் நேரம், கிளம்பும் நேரம், ஒரு போன் நம்பர், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் மாலை ஆறுக்குள் போய் முகத்தைக் காட்டிவிடுங்கள். அப்படிக் கிடைத்தாலும் பெண்களுக்குக் குளியலறை இருக்காது என்று வைத்துக்கொண்டே முடிவு செய்யுங்கள். என் கருத்தில் உங்கள் குழுவுக்கு இது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். அன்னதானத் திட்டம் உள்ள கோயில்களில் மதியச் சாப்பாடு கிடைக்கும், எண்ணிக்கை குறைவு, பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

நாகலாபுரம் வேதநாராயணப் பெருமாள் கோயில், நாராயணவனம் கல்யாண வேங்கடேசுவரர் கோயில், அப்பளாயகுண்டா பிரசன்ன வேங்கடேசுவரர் கோயில் மூன்றும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருப்பவை. பகலில் ஓய்வெடுக்க நல்ல இடங்கள். நாகலாபுரம் கோயிலைக் கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாம்பாளின் நினைவாகக் கட்டினார், மச்சாவதார மூர்த்தி. நடை களைப்பில் வாசலோடு திரும்பிவிடாமல் பிராகாரம் முழுக்கச் சுற்றிப் பாருங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும், அதனால் நாகலாபுரம் சேரும் அன்று பதினொன்றுக்குள் போய்விடுவது போலக் கிளம்புங்கள்.

திருப்பதியில் தங்க தேவஸ்தானத்தின் ஸ்ரீநிவாசம், மாதவம் இரண்டும் பஸ் நிலையத்தின் அருகில், விஷ்ணு நிவாசம் ரயில் நிலையத்துக்கு எதிரில். தேவஸ்தானத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். அதே பெயர் போலத் தோன்றும் போலித் தளங்கள் பல உண்டு, பணம் கட்டிய பிறகுதான் தெரியும். முன்பதிவு பல வாரங்களுக்கு முன்பே திறந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். எனவே தேதியை முதலில் திருப்பதி அறைக்கு ஏற்ப வைத்துக்கொண்டு, பின்னோக்கி எண்ணிக் கிளம்பும் நாளைக் குறியுங்கள். யார் பெயரில் பதிவோ அவர் நேரில் வர வேண்டும், அதனால் பையோடு முன்னால் பஸ்ஸில் போகிறவர் பெயரிலேயே போடுங்கள். இணையத்தில் உள்ள பழைய பட்டியல்களில் திருச்சானூர் பத்மாவதி நிலையத்தைத் தங்கும் விடுதி என்று போட்டிருப்பார்கள். 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானபோது அது கலெக்டர் அலுவலகமாகிவிட்டது. அதை நம்பி இரவில் போய் நிற்க வேண்டாம்.

ரத சப்தமி தை அமாவாசைக்கு ஏழாம் நாள் வருகிறது. அன்று திருமலையில் ஒரே நாளில் ஏழு வாகனச் சேவை, கீழே திருப்பதியிலும் அறை கிடைப்பது அரிது. பாலு சொன்ன முகூர்த்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், பொங்கல் விடுமுறைக் கூட்டம் வடிந்த பிறகு கிளம்பி, ரத சப்தமிக்கு மூன்று நாளாவது முன்போ பின்போ மலை ஏறுவது போல அமையட்டும்.

மலைக்கு அலிபிரி வழியையே வைத்துக்கொள்ளுங்கள், 3,550 படிகள், சுமார் 9 கிலோமீட்டர். ஸ்ரீவாரி மெட்டு 2,388 படிகள்தான், ஆனால் அதன் அடிவாரம் ஸ்ரீநிவாச மங்காபுரத்துக்கும் அப்பால். திருச்சானூரிலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு ஊரையே கடந்து போக வேண்டியிருக்கும். அலிபிரியில் பையை ஒப்படைத்தால் தேவஸ்தானமே மேலே கொண்டு வந்து தரும், கட்டணம் இல்லை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தரிசன டோக்கன் கொடுக்கும் இடத்தையும் முறையையும் அவ்வப்போது மாற்றுவார்கள், திருப்பதி சேர்ந்த அன்றே விசாரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மேலே அனுமதி இல்லை, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.

வில்லிவாக்கம் நடராசன்:

ஸ்ரீதரன் ஐயா சொன்னபடி திருப்பதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவதுதான் சரி. விட்டுப்போன சில.

புரட்டாசிக் கூட்டம் ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்புவதைப் பார்த்து நீங்களும் அப்படிச் செய்ய வேண்டாம். அவர்கள் வெயிலுக்குப் பயந்து, நூறு பேராகப் போகிறார்கள். தையில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் வரும், ஏரிப் பக்கம் பனி இருக்கும், ஜல்லி லாரி வரும். நான்கு பேர் ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும். எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி சாலையின் வலது ஓரமாக நடங்கள். விடியும் வரை ஒளிரும் பட்டை போட்ட ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.

பை ஆறு கிலோவுக்கு மேல் வேண்டாம். அறையில் தங்கப் போவதால் பாயும் தார்ப்பாயும் தேவையில்லை. ஒரு மெல்லிய போர்வை, கொசுவத்தி, ஒரு ஜங்ஷன் பாக்ஸ் (அறையில் பிளக் ஒன்றுதான் இருக்கும், போன் நான்கு), உங்கள் சொந்தப் பூட்டு ஒன்று. பையை அறையில் விட்டுவிட்டு நாள் முழுக்க நடக்கும்போது லாட்ஜ் பூட்டின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாது.

சோழவரம் பாலு:

இதே வழிய யாராவது ஐப்பசி, கார்த்திகையில யோசிச்சா ஒண்ணு. பிச்சாட்டூர் அணையத் திறந்தா ஆரணியாத்துல வெள்ளம் வரும், கிராமங்களுக்குப் போற தரைப்பாலம் மூழ்கும், பஸ்ஸ சுத்தி விடுவாங்க. பஸ்ஸ நம்பித்தான் இந்தத் திட்டமே இருக்கு. மழை மாசத்துல ஊத்துக்கோட்டை ரூம சொல்றதுக்கு முன்னாடி அணைத் தண்ணி நிலவரத்தப் பேப்பர்ல பாத்துடுங்க.

மீனாம்மா, புத்தூர் ரூமுக்கு மட்டும் இப்பவே போன் போட்டு வச்சிடுங்க. ஆத்திர அவசரத்துக்குத் திருவள்ளூர், ஊத்துக்கோட்டைல இருந்து வீட்டுக்கே திரும்பிடலாம். புத்தூர்ல இருந்து ராத்திரி நேரத்துல திரும்புறது கஷ்டம்.